சுவருக்குக் கிழமை தெரியாது

ஜூன் 2

அக்கா,

பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது பத்திரமாக இருக்கிறது. ஒரு சுவரைப் பற்றிக் கேட்க வேண்டும், சுவரைப் படித்தவள் என்று எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

போனில் கேட்டிருக்கலாம். இங்கே போனில் பேசினால் எட்டாம் வீட்டுக்காரர் இருமுவார், பத்தாம் வீட்டுக்காரம்மா சாயங்காலம் வந்து மிச்சக் கதையைக் கேட்பார். வீட்டுக்கு வீடு நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அதனால் உன் அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன். பாப்பா மதியம் தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைப்பது. கடிதம் பாதியில் நின்றால் அவள் எழுந்துவிட்டாள் என்று புரிந்துகொள்.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. பழைய நகரத்துக் கோட்டைச் சுவரின் உள்பக்கம் வரிசையாகப் பதினாலு வீடுகள். எல்லா வீட்டுக்கும் பின்சுவர் என்பது கோட்டைச் சுவர்தான். எங்களுடையது ஒன்பதாவது. கல்யாணமான புதிதில் அவர் அந்தச் சுவரை உள்ளங்கையால் தட்டி, "ஒன்பது அடி கனம். பீரங்கிக்கே அசையாதது, நம்ம ரூமுக்குச் சுவரா நிக்குது" என்று சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஆய்வைப் பாதியில் விட்டபோது, "கோட்டையைப் பத்திப் படிச்சவ, கோட்டைச் சுவத்துக்கு அடியில போய் உட்காரப் போறியா?" என்று நீ கேட்டாயே, அதற்கு வீம்பாக ஒரு பதில் கிடைத்தது போல இருந்தது.

இப்போது விஷயம். பாப்பாவின் தொட்டில் பின் அறையில் அந்தச் சுவரை ஒட்டித் தொங்குகிறது. அங்கேதான் குளிர்ச்சி. மே மாதக் கடைசியிலிருந்து தொட்டில் துணியில் வெள்ளையாகத் தூசி விழுகிறது. மாவு சலித்தது போல. ஒரு நாள் அவள் கண் இமையில் இருந்தது. எல்லோரும் பழைய சுவர், சுண்ணாம்பு உதிரும், அப்படித்தான் என்கிறார்கள். நான் தேதி குறித்து வைத்திருக்கிறேன்: மே 20, 23, 27, 30. மேலே ஒரு விரிசலும் இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு தாள் ஒட்டினேன். கிழிந்துவிட்டது.

அவரிடம் காட்டினேன். "உனக்குத் தூக்கம் பத்தல" என்றார். அது உண்மைதான். ஏழு மாதமாகப் பத்தவில்லை. ஆனால் தாள் நன்றாகத் தூங்கியிருக்குமே, அது ஏன் கிழிந்தது?

நான் பயப்படுகிறேனா, பயப்பட வேண்டியிருக்கிறதா, அதை மட்டும் சொல்.

வாலு

-----

ஜூன் 9

வாலு,

கடிதம் வந்தது. உன் கோபம் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம். என்னுடையதும் நலம்.

ஒன்பது அடி என்று யார் அளந்தது? நுழைவாயில் பக்கம் யாரோ எப்போதோ அளந்திருப்பார்கள். அதைப் பதினாலு வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டு அளவாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். கோட்டைச் சுவர் முழுக்கக் கல் இல்லை. சாலைப் பக்கம் ஒரு கல் வரிசை, வீட்டுப் பக்கம் ஒரு கல் வரிசை, நடுவில் உடைகல்லும் மண்ணும் சுண்ணாம்பும். இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது அந்த நடுவால்தான். அதில் கை வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும் நாளில் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

முதல் வேலை, தொட்டிலை முன் அறைக்கு மாற்று. யார் என்ன சொன்னாலும்.

இரண்டாவது, தாளை விடு. தாள் ஈரத்துக்கும் கிழியும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பு. பக்கத்தில் தேதி எழுது. சுவர் நகர்ந்தால்தான் கண்ணாடி உடையும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. அந்த வீடுகளில் யாராவது சுவரைக் குடைந்து அலமாரி, மாடம் என்று வைத்திருக்கிறார்களா? எங்கள் தொல்லியல் அலுவலகத்தில் இந்தக் கோட்டையைப் பற்றி மூன்று அறிக்கை இருக்கிறது. மூன்றிலும் "சுவர் முழுமையாக உள்ளது" என்று ஒரே வாக்கியம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்த வீட்டில் எவ்வளவு ஆழம் என்று நீ பார்த்து எழுது.

எனக்கு மட்டும் எழுது. அக்காவுக்கு எழுதுவதாக நினைத்துக்கொள், அலுவலகத்துக்கு இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: தெரியாது. தெரியாதபோது பயப்படுவதில் தப்பில்லை.

அக்கா

பாப்பா யார் ஜாடை? நீ எழுதவே இல்லை.

-----

ஜூன் 26

அக்கா,

தாமதத்துக்குக் காரணம் பதினாலு வீடு. இடுப்பில் குழந்தையோடு போனால் திறக்காத கதவு இல்லை என்பதை இந்த வாரம் கற்றுக்கொண்டேன். "வாம்மா, உள்ள வா, பிள்ளைய இங்க குடு" என்று வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் நான் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். அளவு நாடா பாப்பாவின் துணிப்பையில் இருந்தது. பாதி வீட்டில் அது தேவைப்படவில்லை. அவர்களே பெருமையாகக் காட்டினார்கள்.

நாலாம் வீட்டில் கண்டக்டர் மாமா இருக்கிறார். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் வரிசைக்குத் தலைவர் மாதிரி. அவர் சுவருக்குள்ளேயே படுக்கிறார், அக்கா. ஆள் நீளத்துக்கு ஒரு குடைவு, அதற்குள் மெத்தை. மதியம் போனபோது உள்ளே படுத்திருந்தார், கால் மட்டும் வெளியே. "ஏறும்மா ஏறு, உள்ள இடம் இருக்கு" என்று பழைய வேலை ஞாபகத்தில் கூப்பிட்டார். அவர் பேத்தி சிரித்தாள், பாப்பாவும் சிரித்தாள். ஆழம் மூன்றரை அடி.

எட்டாம் வீட்டுத் தையல்காரர் துணிக் கட்டுகளைச் சுவருக்குள் அடுக்கியிருக்கிறார், நாலடி. பத்தாம் வீட்டு டீச்சரம்மாவின் சமையலறை மேடையே சுவருக்குள்தான் இருக்கிறது, நாலே கால். மற்றவர்களுடையதைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரை அடிக்குக் குறைந்து யாருமில்லை.

ஒரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். எல்லோரும் ஒரே வார்த்தை சொல்கிறார்கள். "நாங்க கொஞ்சம்தான் எடுத்தோம். மத்த வீட்டுச் சுவரெல்லாம் கெட்டியா நிக்குதே, அது தாங்கிக்கும்." டீச்சரம்மா தையல்காரரின் சுவரை நம்பி இருக்கிறார். தையல்காரர் டீச்சரம்மாவின் சுவரை நம்பி இருக்கிறார். பக்கத்து வீட்டுக் குடைவை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லாக் குடைவுக்கும் முன்னால் ஒரு திரை தொங்குகிறது.

உன் அலுவலக அறிக்கைகளின் ரகசியமும் தெரிந்துவிட்டது. அதிகாரிகள் வந்தால் முதல் வீட்டுக்காரர் பலகைத் தடுப்பில் மூன்று முறை தட்டுவார். அடுத்த வீடு அடுத்த வீட்டுக்குத் தட்டும். பதினாலாம் வீட்டுக்குப் போய்ச் சேர அரை நிமிடம். அதற்குள் திரை இழுத்து, திரைக்கு முன்னால் பீரோவோ காலண்டரோ வந்துவிடும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அத்தை எனக்குச் சொல்லித் தந்தது இதுதான். சமையலறையில் எது எங்கே என்பதெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் வீட்டில் குடைவு இல்லை. அவர் அப்பா சுவரில் ஆணிகூட அடிக்க விடமாட்டாராம். பின் அறையில் பெரிய இரும்பு பீரோ ஒன்று சுவரோடு நிற்கிறது, அவ்வளவுதான். வரிசையிலேயே கை படாத சுவர் எங்களுடையது என்று எழுதிக்கொள்.

ஆனால் கண்ணாடி உடைந்துவிட்டது. ஜூன் 15 ஒட்டினேன், 24ஆம் தேதி மதியம் வந்து பார்த்தபோது இரண்டு துண்டு. தூசியும் அன்று அதிகம். அவர் பார்த்துவிட்டு, "கண்ணாடிதானே, காத்துல உடைஞ்சிருக்கும்" என்றார். உள் அறையில் ஏது காற்று என்று கேட்கவில்லை. தொட்டிலை முன் அறைக்கு மாற்றியபோது அவர் முணுமுணுத்தார். அத்தைதான், "முன்னாடியே இருக்கட்டும்டா" என்று என் பக்கம் பேசினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாப்பா உன் ஜாடை. நெற்றியும் பிடிவாதமும்.

வாலு

-----

ஜூலை 3

வாலு,

தாள் கிடைத்தது. ஒழுங்காக அளந்திருக்கிறாய். எட்டாம் வீட்டில் அகலத்தை எழுதாமல் விட்டிருக்கிறாய், முடிந்தால் அனுப்பு.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் இங்கே வந்துவிடேன். அக்கா வீடு என்று சொன்னால் உன் வீட்டுக்காரர் தடுக்க மாட்டார். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கும் ஆளில்லாமல்தான் இருக்கிறது.

வேறு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

அக்கா

-----

ஜூலை 25

அக்கா,

போன கடிதத்தில் நீ ஏன் அவ்வளவு சுருக்கமாக எழுதினாய் என்று இப்போது புரிகிறது. வேறு ஒன்றுமில்லை என்று எழுதியவளுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆறு பேர் வந்தார்கள். மூன்று தட்டு போனது. திரை எல்லாம் விழுந்தது. ஆனால் அவர்கள் இந்த முறை வாசலில் நின்று எழுதிக்கொண்டு போகவில்லை. நேராக எட்டாம் வீட்டுக்குள் போய்க் காலண்டரைக் கழற்றினார்கள். பத்தாம் வீட்டில் மேடைக்கு மேலிருந்த துணியை எடுத்தார்கள். கையில் தாள் இருந்தது. எந்த வீட்டில் எந்த மூலை என்று பார்த்துப் பார்த்துப் போனார்கள்.

நாலாம் வீட்டில் கண்டக்டர் மாமா, "என்ன சார், இங்க ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அதிகாரி தாளைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "இடுப்பில் குழந்தையோடு போனால் திறக்காத கதவு இல்லை." அப்புறம், "கால் மட்டும் வெளியே." அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், இடுப்பில் பாப்பா. இந்த வரிசையில் கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்றுதான். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போகிறவளைப் பார்ப்பது போல் பார்த்தார்.

முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று பதினாலு கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று முதல் எங்கள் தடுப்பில் யாரும் தட்டுவதில்லை. முன்பெல்லாம் பாப்பா அழுதால் டீச்சரம்மா அந்தப் பக்கத்திலிருந்தே பாட்டுப் பாடுவார். இப்போது அவள் அழும்போது அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. அவர் கம்பளிச் சட்டை பின்னித் தருவதாகச் சொல்லி அளவுக்கு வாங்கிப் போன பாப்பாவின் பழைய சட்டை திரும்பி வந்தது, மடித்து, வாசல்படியில். தையல்காரர் என்னைக் கண்டால் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுகிறார். அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. பாப்பாவிடம், "உங்க அம்மாகிட்ட சொல்லு, தண்ணி வந்துடுச்சுன்னு" என்கிறார்.

எனக்கு மட்டும் எழுது என்றாய். அக்காவுக்கு எழுது, அலுவலகத்துக்கு இல்லை என்றாய். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? பதினொரு மாதத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய ஒரே அன்பான வாக்கியம் அது என்று நினைத்தேன்.

என் பாதி ஆய்வில் ஒரு அத்தியாயம் இருந்தது, ஞாபகம் இருக்கும், நீதான் பிழை திருத்தினாய். பெரிய பெரிய ராஜ்ஜியங்களின் கோட்டைகள் பீரங்கியால் விழுந்தது குறைவு, யாரோ ஒருவர் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டதால் விழுந்ததுதான் அதிகம் என்று எழுதியிருந்தேன். திறந்தவர்களை எல்லாம் துரோகி, துரோகி என்று எவ்வளவு தைரியமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். இப்போது அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. திறக்கச் சொன்னவளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, இல்லையா?

பதில் எழுதாதே.

-----

ஆகஸ்ட் 1

வாலு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நான் செய்தது தப்பு. மூன்று வாரம் மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றேன். அறிக்கை மூன்றும் சரியாக இருக்கிறதே, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். உன் அளவுத் தாளை மட்டும் காட்டினேன். யார் அளந்தது, பார்த்த ஆள் இருக்கிறாரா என்றார். கடிதத்தை வைத்தேன். உன் பெயரையும் வீட்டு எண்ணையும் கறுப்பு மையால் அழித்தேன். இடுப்புக் குழந்தையை அழிக்கத் தோன்றவில்லை. படித்துப் படித்து எனக்கு அது பழகிப்போயிருந்தது. பாப்பாவை நான் பார்த்ததே அந்த ஒரு வரியில்தான்.

உன்னிடம் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உங்கள் வரிசையிலிருந்து ஆட்சேப மனு வந்திருக்கிறது. நகல் இத்துடன். மூன்றாவது பத்தி: "ஒன்பதாம் எண் வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் பிறகு காரணமற்ற அச்சங்களுக்கு ஆளாகியிருக்கிறார். உறக்கமின்மையால் இல்லாததை இருப்பதாக எண்ணுகிறார். அவர் எழுதிய அளவுகளை ஏற்க வேண்டாம்." கீழே பதினாலு கையெழுத்து. முதல் கையெழுத்து உன் வீட்டுக்காரருடையது. பக்கத்தில் "கணவர்" என்று எழுதியிருக்கிறார்.

இதை உனக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைத்தது போதும் என்று அனுப்புகிறேன்.

இன்னும் ஒன்று. நேற்று அங்கே வந்திருந்தேன். உள்ளே வரவில்லை, வர முகமில்லை. சாலைப் பக்கமிருந்து சுவரைப் பார்த்தேன். வயிறு தள்ளியிருக்கிறது. அதிகம் தள்ளியிருப்பது எட்டாம் வீட்டுக்கு நேரே இல்லை, பத்துக்கு நேரே இல்லை. ஒன்பதுக்கு நேரே. வரிசையிலேயே கை படாத சுவர் என்று நீ எழுதிய இடம்.

உன் கடிதங்களை எடுத்து வைத்துக் காலண்டரோடு பார்த்தேன். மே 20, 23, 27, 30. கண்ணாடி உடைந்தது ஜூன் 24. எல்லாம் செவ்வாய், வெள்ளி. மழையால் உதிரும் சுவர் மழைக்கு உதிரும். பழசாகி உதிரும் சுவர் தினமும் உதிரும். சுவருக்குக் கிழமை தெரியாது, வாலு. மனுஷனுக்குத்தான் தெரியும்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்?

பீரோவை நகர்த்திப் பார்.

அக்கா

-----

ஆகஸ்ட் 8

அக்கா,

செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் பாப்பாவோடு நூலகத்துக்குப் போவேன். படிப்பு முழுசாக மறந்துபோகக் கூடாது என்று அவர்தான் அனுப்பிவைத்தார். பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்கு வருவேன். அவருக்கு லேத் பட்டறையில் இரண்டாம் ஷிப்ட். அதுவரை தூங்குகிறேன் என்பார்.

இன்று போகவில்லை. அவரைப் பட்டறையிலிருந்து காலையிலேயே கூப்பிட்டிருந்தார்கள். அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் பீரோவில் கை வைத்தவுடன், "வேண்டாம்மா" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவன் வந்தப்புறம் பாத்துக்கலாமே." நான் தள்ளினேன். பீரோவின் கால்களுக்கு அடியில் சின்னச் சக்கரம் இருந்தது, அக்கா. ஒரு விரலால் தள்ளினால் நகரும். இரண்டு வருடமாக அந்த பீரோவைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

பின்னால் ஒரு வாசல். குனியாமல் நுழையலாம். உள்ளே ஒரு அறை.

முதல் மூன்றடி பழைய குடைவு, அவர் அப்பா செய்தது. ஆணிகூட அடிக்க விடாத மனிதர். அதற்கு மேல் புதுசு, உளி பட்ட இடமெல்லாம் வெள்ளையாக. நாடாவை வைத்தேன். ஏழே கால் அடி. கடைசிக் கல்லில் காது வைத்தேன். சாலையில் பஸ் போகும் சத்தம் கேட்டது. இரண்டு கல்லுக்கு நடுவில் நூல் மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

பக்கச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார். பாப்பாவின் உயரத்துக்கு ஒரு சின்ன அலமாரி. தொட்டிலுக்கு ஒரு கொக்கி. தரையில் உளி, சுத்தியல், நான் ஜூன் மாதம் தேடிக்கொண்டிருந்த பழைய போர்வை, சத்தம் கேட்காமல் இருக்க மடித்து வைத்தது.

அத்தை பின்னால் வந்து நின்றார். "தொட்டிலை முன்னாடி மாத்தினப்போ நான் உன் பக்கம்தானே பேசினேன்" என்றார். அன்று எனக்குக் கண் கலங்கியது. அவருக்குத் தெரியும், அதனால் பேசியிருக்கிறார். தெரிந்ததைச் சொல்வதற்குப் பதிலாகப் பேசியிருக்கிறார்.

பட்டறையிலிருந்து அவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். திறந்த வாசலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நாங்கள் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"உனக்குத் தெரியாம முடிச்சுக் காட்டலாம்னு இருந்தேன். இவளுக்குன்னு ஒரு ரூம் வேணாமா?"

"கண்ணாடி உடைஞ்சதைக் காட்டினேனே?"

"அப்போ பாதி முடிஞ்சிருந்துது."

"எனக்குத் தூக்கம் பத்தலைன்னு சொன்னீங்க."

மனு நகலை எடுத்து நீட்டினேன்.

"எல்லாரும் போட்டாங்க" என்றார்.

"முதல்ல போட்டது நீங்க."

"யாராவது ஒருத்தர் முதல்ல போடணுமே. உன்னாலதான் போச்சுன்னு அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்குறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

அக்கா, அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குழந்தைக்காகச் சுவரைக் குடைந்தார். குடைந்ததை மறைக்க என்னைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டையும் ஒரே கையால் செய்தார், இரண்டு முறையும் வீட்டைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டு.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். எட்டாம் வீட்டுத் தடுப்பிலும் பத்தாம் வீட்டுத் தடுப்பிலும் தட்டினேன். வெளியே வாருங்கள் என்று சொல்லத்தான். என் கை பழக்கத்தில் மூன்று முறை தட்டிவிட்டது. இரண்டு பக்கமும் திரை இழுக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்து அடுத்த வீட்டுக்குத் தட்டும் சத்தம், அடுத்தது, அடுத்தது. வரிசை முழுக்கத் திரை விழுந்தது. ஒளித்துவை என்பதற்கு எங்களிடம் ஒரு தட்டு இருந்தது. ஓடிவிடு என்பதற்கு ஒன்றுமே இல்லை.

அப்புறம் தெருவில் இறங்கி ஒவ்வொரு கதவாகப் போனேன். வந்தவர்களை எங்கள் பின் அறைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். யாரும் என்னோடு பேசவில்லை. கண்டக்டர் மாமா மட்டும் உள்ளே போய், அந்த வெளிச்ச நூலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நாங்க உங்க சுவரை நம்பித்தாண்டா இருந்தோம்" என்றார். என்னிடம் இல்லை, அவரிடம்.

அளவுத் தாளில் இந்த வரியைச் சேர்த்துக்கொள்: ஒன்பதாம் வீடு, ஆழம் ஏழே கால் அடி, அகலம் ஐந்து. அளந்தது நான். இத்துடன் இருக்கும் தனித் தாளில் முழுப் பெயரும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்த முறை எதையும் அழிக்காதே.

-----

நவம்பர் 23

அக்கா,

உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. மூன்றையும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய்.

சுவர் விழுந்ததை நீ அறிக்கையில் எழுதியிருப்பாய். நான் பார்த்ததை எழுதுகிறேன். எல்லோரும் காலி செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. விட்டுப்போன அம்மிக்கல்லை எடுக்கலாமா என்று கேட்கப் போயிருந்தேன். சாலைப் பக்கமிருந்து நடந்து வந்தபோது கோட்டை அப்படியே நின்றது, கம்பீரமாக, யாரோ அதன் முன்னால் நின்று படம்கூட எடுத்துக்கொண்டிருந்தார்கள். நுழைவாயிலைத் தாண்டி உள்ளே போனால் எட்டு, ஒன்பது, பத்து மூன்றுமே இல்லை. சாலைப் பக்கத்துக் கல் வரிசை மட்டும் நிற்க, மற்றதெல்லாம் விடியற்காலையில் உள்பக்கமாகச் சரிந்திருக்கிறது. மஞ்சள் அடித்த கல் ஒன்று மேலாகக் கிடந்தது. தொட்டில் முன் அறையில் இருந்திருந்தாலும் தப்பியிருக்காது. நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு நின்றவர் தண்ணீர் கொடுத்தார்.

என் அத்தியாயம் தப்பு, அக்கா. கோட்டை விழுவது கதவைத் திறந்துவிட்ட ஒருவரால் இல்லை. அதற்கு ரொம்ப நாள் முன்பே உள்ளே இருக்கும் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள். எடுத்த இடத்தில் திரை போட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை நம்பித் தூங்கியிருக்கிறார்கள். கதவைத் திறந்தவள் பெயர் மட்டும் கிடைத்துவிடுகிறது, எழுதுவதற்கு வசதியாக. திரும்ப எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாப்பா நடக்கிறாள், அதனால் ஒரு நாளைக்கு அரைப் பக்கம்.

காலி செய்தவர்களுக்குக் கொடுத்த இந்தப் புது வீடு மூன்றாம் மாடி, இரண்டு அறை. நானும் அவளும். எதிர் வீட்டில் கண்டக்டர் மாமா. அவர் என்னை மன்னிக்கவில்லை. ஆனால் படியில் பாப்பா உட்கார்ந்திருந்தால், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே" என்கிறார்.

அவர் அத்தையோடு வேறு கட்டடத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பார்க்க வருவார். முதல் ஞாயிறு கதவில் மூன்று முறை தட்டினார். நான் எழுந்து நின்று அறையைச் சுற்றிப் பார்த்தேன், எதை மறைக்க வேண்டும் என்று. ஒன்றும் இல்லை. கதவை முழுசாகத் திறந்தேன். அவர் பாப்பாவை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்றபடியே பேசினோம். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இன்று வரை அப்படித்தான்.

நீ வரலாமா என்று மூன்று கடிதத்திலும் கேட்டிருக்கிறாய். உன்னை நம்புகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீ செய்ததால்தான் பாப்பா உயிரோடு இருக்கிறாள். நீ அதை எப்படிச் செய்தாய் என்பதும் அப்படியே இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ள என்னால் முடியவில்லை.

வா. வந்து கதவைத் தட்டு. மூன்று முறை தட்டாதே. ஒரு தடவை தட்டிவிட்டு நில்.

வாலு